ஓலைக் கூடாரத்தில் ஒரு சிறைவாசி

பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அவர்களைத் தாளிப்பனைகளின் அடியிற் சிறிது நேரம் நிறுத்திவைப்பது என் வழக்கம். மலர்க்கூடங்களைக் காணத் துடித்து நிற்கும் பிள்ளைகளுக்கு அது சலிப்பாகத்தான் இருக்கும். அந்த மரம் தன் ஆயுளில் ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்து, அத்துடன் பட்டுப்போவது. 30 ஆண்டாயினும் 80 ஆண்டாயினும் அந்த ஒரு பூவுக்காகவே பொறுத்து நிற்பது. அதன் ஓலையோ உலகத்து இலைகளுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்று. சிங்கள மக்கள் தல என வழங்கும் அம்மரத்தின் குருத்தோலையைப் பதப்படுத்தியே கண்டி நாட்டு விகாரைகளிற் பிக்குகள் ஏடெழுதினர். ஏட்டுச்சுவடிகளோடு பழகிய எனக்கு அவ்வோலையிடத்திலே தனிப்பற்று உண்டு.

ஆயினும் நான் அங்கே மாணாக்கருக்குச் சொல்லும் கதை ஏட்டைப் பற்றியதன்று. அவ்வோலையைக் கூடாரமாக்கி, யானைக் காட்டின் நடுவே நெருப்பு மூட்டி, இரவுகளைக் கழித்துத் தப்பிச் சென்ற ஓர் ஆங்கிலக் கைதியின் கதை. றொபேட் நொக்ஸ் என்ற பெயர் நம் சரித்திர நூல்களிற் பன்முறை வருவது. கண்டி இராச்சியத்தைப் பற்றி அவர் எழுதிய நூலைச் சான்றாகக் காட்டாத ஆசிரியர் அரியர். அந்நூலை எழுதியவர் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தது எவ்வாறு என்று நின்று கேட்பவரோ சிலரே.

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே பிறந்தார். தந்தையார் பெயரும் றொபேட் நொக்ஸ். அவர் ஒரு கப்பற்றலைவர். மகன் 14 வயதிலேயே தந்தையோடு கடலேறிச் சென்னைக் கரை கண்டவர். ஆன் என்னும் அவர்களுடைய கப்பல், கிழக்கிந்தியக் கும்பினியாரின் சேவையில் இரண்டாம் முறை வந்து, 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத் துறையில் நங்கூரமிட்டிருந்த வேளையிற் பெரும் புயல் அடித்தது. கப்பலைக் காப்பாற்ற வேண்டிப் பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். புதிய பாய்மரம் நிறுத்துதற்கும் இடையே சிறிது வாணிகம் செய்தற்கும் ஏற்ற இடமென்று திருகோணமலைக்கு அருகேயுள்ள கொட்டியாற்றுக்குச் செல்லுமாறு சென்னைக் கோட்டையிலிருந்து பணிப்பு வந்தது. அந்தப் பணிப்பே அவர்கள் தலையெழுத்தாயிற்று.

அக்காலத்திற் கண்டியில் அரசு செலுத்தியவன் இரண்டாம் இராசசிங்கன். போர்த்துக்கேயரைத் துரத்துதற்கு ஒல்லாந்தரைத் துணைக்கழைத்து, பின்னர் அந்த ஒல்லாந்தராலேயே ஏமாற்றப்பட்டவன். கடல்வழி வந்த வெள்ளையர் எவரையும் ஐயக் கண்ணோடு நோக்குதற்கு அவனுக்குப் போதிய காரணம் இருந்தது. 1660இல் அவனுடைய திசாவை படையோடு கொட்டியாற்றுக்கு வந்து கப்பற்றலைவரையும் கரையிறங்கியிருந்த மாலுமிகளையும் பிடித்தான். அகப்பட்டோர் 16 பேர். மூதூரில் ஒரு புளியமரத்தை வெள்ளைக்காரன் மரமென்று சுட்டி, அதனடியில் இச்செய்தியைப் பொறித்த கல்லொன்றை 1893இல் நாட்டினர்.

இவ்விடத்தில் ஒன்றை விரிவாகச் சொல்லுதல் வேண்டும். கப்பலையும் ஆற்றினுள் வருவிக்க எண்ணிய திசாவை, தந்தையைப் பிணையாக வைத்துக்கொண்டு மகனைத் தூதாகக் கப்பலுக்கு அனுப்பினான். தந்தையார் மகனிடம் கூறியதோ வேறு. கப்பலில் உள்ளோர் விழிப்பாயிருக்க வேண்டும், கரையை நாடலாகாது என்பதே அவர் சொல்லியனுப்பிய செய்தி. மகன் கப்பலை அடைந்தார், செய்தியைச் சொன்னார். கப்பலோ கடலில், தாய்நாடு செல்லும் வழி திறந்து கிடந்தது, வயதோ 19. எனினும் திரும்பி வருவதாகத் தந்தைக்குக் கொடுத்த சொல்லை எண்ணி, ஓடமேறிக் கரைக்கு மீண்டு தாமாகவே சிறை புகுந்தார். அந்த ஓடத்திலே கரையை நோக்கி வந்த நேரத்தில் அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, மக்களைப் பெற்ற நாம் எண்ணிப் பார்க்கலாம். கப்பல் போய்விட்டது.

சிறை என்றதும் கற்சுவரும் இருப்புக் கதவும் நினைவுக்கு வரும். கண்டி மன்னனின் சிறை அத்தகையதன்று. கைதிகளை ஊருக்கு ஒருவராகவும் இருவராகவும் பிரித்துக் குடியமர்த்தினர். ஊரார் முறைவைத்து அவர்களுக்குச் சோறு கொடுத்தல் வேண்டும் என்பது அரசன் ஆணை. தந்தையும் மகனும் கண்டிக்கு வடக்கே பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் விடப்பட்டனர். நிலம் ஈரம், படுக்கை ஒரு பாய், இருவரையும் முறைக்காய்ச்சல் பற்றியது. பல திங்கள் நலிந்து 1661 பெப்ரவரியில் தந்தையார் இறந்தார். நோயிலிருந்து முற்றாக எழாத மகன், உடலை அடக்கம் செய்ய உதவி கேட்டு ஏவற் சிறுவனை ஊராரிடம் அனுப்பினார். பிணத்தைக் கழுத்திற் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாமென்று அவர்கள் கயிறொன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அக்காலத்து எளிய குடிகளின் வழக்கமும், அயலானின் பிணத்தைத் தொடுவதில் அவர்களுக்கிருந்த கூச்சமும் அப்படி. அவர்களைக் கொடியோர் என்று நான் சொல்லமாட்டேன். சோறு கொடுத்தவரும் அவர்களே. எவ்வாறோ கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்துத் தந்தையை முறைப்படி புதைத்தார் மகன். அப்போது அவருக்கு வயது 20.

அதன் பின் சில காலம் கழித்து, ஒரு கிழவர் போர்த்துக்கேயர் கொழும்பை விட்டகன்ற காலத்தில் தமக்குக் கிடைத்த ஒரு நூலைக் கொண்டுவந்து காட்டினார். அது ஆங்கில விவிலியம். தம் கையாற் பின்னிய தொப்பி ஒன்றை விலையாகக் கொடுத்து நொக்ஸ் அதனைப் பெற்றுக்கொண்டார். தனிமையில் வாடியவனுக்குத் தாய்மொழி நூலொன்று கைப்பட்டால் எத்துணை ஆறுதல் என்பதை நூலை நேசிப்போர் அறிவர்.

தொப்பி பின்னுதலே அவருக்கு முதற்றொழிலாயிற்று. அதில் மிஞ்சியதை நெல்லாக்கி, நெல்லைக் கடன் கொடுத்து, அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்கினார். சைவ நூல் கற்ற எனக்கு இந்த வட்டி சிறிது கசக்கிறது. அவர் அதனை மறையாமல் எழுதியிருப்பதற்காகப் பாராட்டலாம். 1664இன் இறுதியில் நிலம்பையில் அரசனுக்கு எதிராகக் கலகம் மூண்டு அடங்கியது. மன்னன் அங்குராங்கெத்தைப் பக்கம் மாறினான். கைதிகளும் ஊர்விட்டு ஊர் மாற்றப்பட்டனர். லகுந்தெனிய மலையுச்சியிற் சில காலம் இருந்தபின், உடுநுவரையில் எலதெத்தை என்னும் ஊரில் 25 இலாரிக் காசுக்கு நொக்ஸ் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார். இன்றும் கண்டியிலிருந்து கம்பளைப் பக்கமாகச் செல்வோர் அவ்வூரை நாடிச் சென்று காணலாம். வீடும் தோட்டமும் வந்தபின் மனம் அடங்கிவிடும் என்றே யாரும் எண்ணுவர். உடனிருந்த ஆங்கிலேயர் சிலர் சிங்களப் பெண்களை மணந்து அடங்கியும் விட்டனர். நொக்ஸும் ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழரும் மட்டும் மணம் செய்யாது நின்றனர். குடும்பம் வந்தால் கால் கட்டுண்ணும் என்ற அச்சமே காரணம்.

கண்டி மன்னர்க்குக் காடே மதில். கொழும்பில் வெள்ளையர் கற்கோட்டை கட்டினர். இவர்களோ மரம் வெட்டாமையையே அரணாக்கினர். அகன்ற பாதை அமைக்க விடுவதில்லை. ஒற்றையடிப் பாதைகளின் குறுகலில் முட்செடிகளைச் செறித்துக் கதவாக்கித் தூக்கி இறக்கும் கடவத்தைகள் இருந்தன. அவற்றிற் காவலர் இருந்தனர். அரசன் இருக்கையிலிருந்து புறப்படுவோர் களிமண்ணிற் பதித்த முத்திரையைக் காட்டினாலன்றி அப்பால் விடப்படார். அரண்மனைக்கு மேலேயுள்ள உடவத்தைக் காட்டுக்குள் குடிகள் காலடி வைத்தலாகாது. சுருங்கச் சொன்னால், காடு முழுவதும் அரசனது. அதற்குள் இராத்தங்குதல் குற்றத்தோடு ஒட்டிய செயல். இத்தகைய நாட்டிலே எங்ஙனம் தப்புவது?

நொக்ஸ் கண்ட வழி வியாபாரி வேடம். வேடம் என்பதும் தவறு, மெய்யாகவே வியாபாரியானார். உள்ளிப்பூண்டு, மிளகு, புகையிலை, சீப்பு, சிறு இரும்புச் சாமான்கள் முதலியவற்றைச் சுமந்துகொண்டு இரு தோழரும் வடக்கு நோக்கி நடந்தனர். வடபுலம் தாழ்நிலம், குடிகள் குறைவு, காவலும் குறைவு. ஒவ்வொரு பயணத்திலும் முன்னையினும் சிறிது தூரம் கூடச் சென்று, ஊர்ப் பெயர்களையும் ஆறுகளின் போக்கையும் மனத்திற் பதித்துத் திரும்பினர். ஒரு நாளில் ஓடிவிட எண்ணியவர்கள் பிடிபட்டதைக் கண்டிருந்த நொக்ஸ், பல ஆண்டுகள் இவ்வாறு மெல்ல மெல்ல வழி தேடினார். மழை பொய்த்த ஆண்டுகளிற் குளங்களில் எருமை உழக்கிய கலங்கல் நீரே கிடைத்தது. அதைக் குடித்து இருவரும் காய்ச்சலில் விழுந்தனர். நாட்டு மக்கள் கற்பித்த மருந்து கஞ்சா இலை. அதனை உலர்த்திப் பொடித்துக் கருப்பட்டியோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டு நோய் தீர்ந்ததாக அவர் நம்பினார். தலை சுற்றியது என்பதையும் ஒளிக்கவில்லை. பிற்காலத்தில் இலண்டனில் அந்த இலையைப் பற்றி அறிஞர் றொபேட் ஹூக் 1689இல் ஒரு சொற்பொழிவு செய்தார். அதற்கு மூலம் நொக்ஸே.

இனித் தாளியோலைக்கு வருவோம். பச்சையோலை ஒன்று விரிந்தால் 15 முதல் 20 பேரை மழையில் நனையாமற் காக்கும் என்பது நொக்ஸ் தரும் கணக்கு. உலர்ந்தபின் விசிறி மடிவது போல மடிந்து கையளவாகும், பாரமும் இல்லை. மக்கள் அதனை முக்கோண வடிவாக நறுக்கி, கூர்முனை முன்னே வரத் தலைமேல் வைத்துக்கொண்டு முட்புதர்களைப் பிளந்து நடப்பர். பகலில் அது குடை, மழையிற் கூரை, இரவிற் கூடாரம். அரசனின் போர்வீரர் ஒவ்வொருவரிடமும் ஓர் ஓலை இருக்கும். அரசன் படைக்கே கூடாரம் நெய்தவர் இல்லை, மரம் கொடுத்தது. இக்காலத்தில் எம் இளைஞர் வனத் திணைக்களத்தின் அனுமதி பெற்று நக்கிள்ஸ் மலைத்தொடருக்குச் செல்லும்போது, முதுகில் நைலோன் கூடாரத்தைச் சுமந்து செல்கின்றனர். அதனைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் அம்மலையடிவாரத்து மூதாதையர் அதே வேலைக்கு ஓர் இலையை மடித்து எடுத்துச் சென்றனர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருத்தல் நல்லது.

1679 செப்டம்பர் 22ஆம் நாள் நொக்ஸும் ரட்லண்டும் வழக்கம்போல மூட்டை கட்டிக்கொண்டு எலதெத்தையை விட்டுப் புறப்பட்டனர். ஊரார் எவரும் ஐயுறவில்லை. வழியில் அப்பகுதி அதிகாரியின் வீட்டு முற்றத்தைக் கடந்தே செல்லவேண்டி வந்தது. ஒளித்துச் சென்றால் ஐயம் பிறக்கும் என்று நேரே உள்ளே சென்று, உலர்ந்த மானிறைச்சி வாங்க வந்தோம் என்று சொல்லி அங்கேயே தங்கினர். அந்நேரம் பார்த்து, அரசன் சிறையிட்ட பெரியோர் சிலரின் உறவினர் ஓடிவிடாதபடி காவலைக் கடுமையாக்குமாறு அரண்மனையிலிருந்து ஆணையும் வந்தது. இருவரும் முகம் மாறாமல் இருந்து, பின்னர் விடைபெற்று நடந்தனர்.

அநுராதபுரம் அப்போது நகரமாக இல்லை. காடு சூழ்ந்த பரந்த வெளி. அப்பகுதியில் அவர்கள் கண்ட மக்கள் தமிழர், கண்டியரசனின் குடிகள். சிங்களம் சரளமாகப் பேசும் இரு வெள்ளையரும் சிங்களம் அறியாத தமிழ்க் கிராமத்தாரும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்து நின்றனர். சிங்களம் தெரிந்த ஒருவர் வந்தபின்னரே வாய் திறக்க முடிந்தது. மூன்று மொழி பேசும் இந்நாட்டிலே ஆசிரியத் தொழில் செய்கின்ற எனக்கு அந்த மௌனக் காட்சியைப் படிக்குந்தோறும் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே எழும்.

மூன்று நாள் அங்கே இருந்து பார்த்ததில், பெருவழி முழுவதும் காவல் என்பது விளங்கியது. எனவே பெருவழியைக் கைவிட்டு, தாம் கடந்து வந்த ஓர் ஆற்றின் கரையோடு இறங்குவதென முடிவு செய்தனர். சிங்களவர் மல்வத்து ஓயா என்பது அது. நாம் அருவியாறு என்போம். ஆறு எப்படியும் கடலைத்தான் சேரும், கடற்கரை ஒல்லாந்தரது. அறிந்த பாதையை விட்டு அறியாத காட்டை நம்பினர் என்றால், அதற்கேற்ற ஆயத்தம் இருந்தது. 10 நாளுக்குப் போதுமான அரிசி, இறைச்சி, மீன், உப்பு, மிளகு, சமைக்க ஒரு பாத்திரம், நீர் மொள்ள இரண்டு சுரைக்குடுக்கை, கருப்பட்டியும் பலகாரமும், வெற்றிலை, புகையிலை, ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவும் என்று இரண்டு மூன்று தீக்கடைப் பெட்டி, முள் தைக்காமற் செருப்பாக்க ஒரு மான்தோல், நீண்ட கழியிற் பூட்டிய சிறு கோடரி, கத்தி, மழை வந்தாற் கீழே படுக்க இரண்டு பெரிய தாளியோலை. இந்தப் பட்டியலை நான் மாணாக்கருக்கு மெதுவாகவே படித்துக் காட்டுவேன். 19 ஆண்டு இந்நாட்டு மக்களிடம் பயின்ற பாடம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆங்கிலேயப் பொருளென்று ஒன்றையேனும் அதிற் காணோம்.

ஒக்டோபர் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆற்றங்கரைக் காட்டுக்குள் நுழைந்தனர். பகலில் நடை; இருண்டபின் ஓலையை விரித்து அடியிற் படுக்கை. அருகே நெருப்பு, அது சோறு வேகவும் ஆயிற்று, விலங்கு அண்டாமலும் ஆயிற்று. புகை மனிதரைக் கூப்பிடும், நெருப்பில்லாமை யானையைக் கூப்பிடும். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று ஒவ்வோரிரவும் தீர்மானித்தல் வேண்டும். ஓரிடத்தில் தாம் எண்ணியிராத வகையிற் குடியிருப்புகளின் நடுவே வந்து சிக்கினர். முன்னும் பின்னும் மனிதக் குரல். பொந்துள்ள மரமொன்றினுள் நுழைந்து, சேற்றிலும் ஈரத்திலும் ஒடுங்கி, பொழுது மங்கும் வரை இருந்தனர். வெளியே வந்து சிறிது தூரம் நடந்தபின் பின்புறத்தே மீண்டும் குரல் கேட்டது. அக்குரலுக்கும் தமக்கும் இடையே யானையொன்று கிளை முறிக்கும் ஓசையும் கேட்டது. யானை நிற்கும் காட்டில் இரவிலே எவனும் ஆள் தேடி வரமாட்டான் என்று கண்டி நாட்டு வாழ்க்கை அவர்களுக்குக் கற்பித்திருந்தது. அந்தத் துணிவில் நெருப்பு மூட்டி, சமைத்துண்டு, படுத்தனர். உயிருக்கு அஞ்சவேண்டிய விலங்கே அன்றிரவு காவலாக நின்றது.

முட்காடு உடையைக் கிழித்தது, உடலையும் கிழித்தது. ஆற்று மடுக்களில் முதலைகள். கரையோரத்திலே, மரங்களிடையே, செதுக்கிய கற்றூண்கள் நிரை நிரையாக நின்றன. சில இடங்களிற் கற்பாலங்களின் இடிபாடு தெரிந்தது. அநுராதபுர அரசின் எச்சங்கள் அவை என்பதை நாம் அறிவோம். தப்பியோடும் அவசரத்திலும் அவற்றை நின்று நோக்கி, பிற்பாடு எழுதிவைத்த அம்மனிதரின் கண்ணை என்னென்பது! தம் உயிரைப் பற்றிய கவலை அளவுக்கு மிஞ்சியிருந்தும், பார்த்ததை மறவாத குணம் அவரிடம் இருந்தது. நூலாசிரியர் ஆவதற்கு அதனினும் வேறு தகுதி வேண்டுமோ?

கீழே இறங்க இறங்க வன்னித் தமிழ்ச் சிற்றரசனின் எல்லை வந்தது. கண்டி அரசனிடமிருந்து தப்பியவர்கள் வன்னியனிடம் அகப்பட்டால் மீண்டும் சிறையே. அங்கே ஒரு நண்பகலில், மரத்தடியிற் சோறு சமைத்துக்கொண்டிருந்த பிராமணர் இருவரை எதிர்பாராது சந்தித்தனர். அஞ்சியவர் இரு திறத்தாரும். தம்மிடமிருந்த சிறிது காசும் ஒரு சிவப்புத் தொப்பியும் ஒரு கத்தியும் கொடுத்து வழிகாட்ட வேண்டினார் நொக்ஸ். அவர்கள் இரங்கிச் சிறிது தூரம் உடன் வந்து, செல்ல வேண்டிய திசையைக் காட்டித் திரும்பினர். காட்டிக்கொடுத்திருந்தால் அவர்களுக்கு ஊதியம் கிடைத்திருக்கவும் கூடும். அவ்விருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஒக்டோபர் 18ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல், அருவியாறு கடலோடு கலக்கும் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். சிறையிருந்த காலம் 19 ஆண்டும் 6 திங்களும் சில நாளும். அங்கிருந்து மன்னார், மன்னாரிலிருந்து கொழும்பு, பின்னர் பத்தாவியா என்று பயணம் தொடர்ந்தது. 1680 செப்டம்பரில் இலண்டன் சேர்ந்தார். எலதெத்தை வீட்டையும் நிலத்தையும், தாம் வளர்த்த லூசியா என்னும் சிறுமிக்கு உரிமையாக்கினார். அவள் உடன்சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவரின் மகள்.

கப்பலில் வரும்போதே எழுதத் தொடங்கிய நூல், ஹூக்கின் துணையோடு 1681இல் வெளியாயிற்று. சில ஆண்டுகளுள் ஒல்லாந்த, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்ந்தது. ஆள் அரவமற்ற தீவிலே தனித்து வாழ்ந்த குரூசோவின் கதையை டானியல் டீஃபோ 1719இல் எழுதியபோது நொக்ஸின் அனுபவங்கள் அவர் மனத்திலிருந்தன என்பர். அதற்கடுத்த ஆண்டு வெளியிட்ட மற்றொரு கதையில் நொக்ஸின் வரலாற்றைப் பெயர் சொல்லியே சுருக்கித் தந்திருக்கிறார்.

இனிச் சொல்வதைச் சொல்லாமல் விட எனக்கு ஆசைதான். விட்டால் வரலாறு பொய்யாகும். கும்பினியார் நொக்ஸை டொங்குவின் மேர்ச்சன்ட் என்னும் கப்பலுக்குத் தலைவராக்கினர். 1684இல் அக்கப்பல் மடகாஸ்கருக்குச் சென்றது, அடிமைகளை வாங்கி சென்ட் ஹெலனாத் தீவுக்குக் கொண்டுபோவதற்கு. தந்தையைச் சிறையிற் புதைத்தவர், தம் விடுதலைக்காகப் பொந்து மரத்தில் ஒடுங்கியிருந்தவர், பிறர் மக்களை விலைக்கு வாங்கிக் கப்பலிலேற்றினார். இரண்டையும் அவர் ஒரே நெஞ்சில் எப்படி வைத்திருந்தார் என்று மாணாக்கர் கேட்பதுண்டு. என்னால் விடை சொல்ல முடிந்ததில்லை. காலத்தின் வழக்கம் என்று சொல்லித் தப்பலாம். கழுத்திற் கட்ட வந்த கயிறும் காலத்தின் வழக்கமே, அதனை மட்டும் அவர் மறக்கவில்லை.

1694இல் கும்பினியின் சேவையிலிருந்து நீங்கியபின் மணம் செய்யாமலே இலண்டனில் வாழ்ந்தார். தம் அச்சுப் பிரதியின் தாள்களுக்கிடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டி, முதுமையில் நினைவுக்கு வந்தனவற்றையெல்லாம் அவற்றில் எழுதிவந்தார். கண்டி நாட்டைப் பற்றிய புதிய நினைவுகளும் தன் வரலாறும் அக்குறிப்புகளிற் கலந்து கிடந்தன. 1720 ஜூனில் இறந்தார். அந்தப் பிரதி ஒக்ஸ்போர்ட் நகரத்துப் போட்லியன் நூல்நிலையத்தில் நெடுங்காலம் எவரும் எடுத்து நோக்காது கிடந்து, 1911இலே அச்சேறியது.